எதில் எத்தனை சதவீதம்?

காய்கறிக் கடையின் மின்னணுத் தராசில் மூன்று எண்கள் எரிகின்றன: 0.735, 64.00, 47.04. முதலாவது தட்டில் கிடக்கும் கத்தரிக்காயின் எடை. இரண்டாவது கிலோ விலை. மூன்றாவது கொடுக்க வேண்டிய தொகை. கடைக்காரர் மூன்றாவதை மட்டும் பார்த்து, "நாப்பத்தேழு குடுங்கக்கா" என்கிறார்.

இந்தப் பெருக்கலைத் தராசை நம்பாமல் மனத்திலேயே போடலாம். 0.735 கிலோ என்பது முக்கால் கிலோவுக்கு 15 கிராம் குறைவு. 64-இல் முக்கால் 48. கிலோ 64 ரூபாய் என்றால் ஒரு கிராம் 6.4 பைசா, 15 கிராம் 96 பைசா. 48 ரூபாயில் 96 பைசா போனால் 47.04. தராசு சொன்னது சரிதான்.

இவ்வளவு சுலபமாகக் கணக்கு வருவதற்குக் காரணம், எடையும் பணமும் பத்துப் பத்தாகவே உடைவதுதான். கிலோவில் ஆயிரத்தில் ஒன்று கிராம்; ரூபாயில் நூற்றில் ஒன்று பைசா. புள்ளியை இடம் மாற்றினால் அலகு மாறிவிடுகிறது. 1957-க்கு முன்பு கடைக்குப் போனவர்களுக்கு இந்த வசதி இல்லை.

வீசையும் தம்பிடியும்

அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. சென்னை மாகாணத்து எடைகளில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.4 கிலோ. ஒவ்வொரு படியிலும் வேறு எண்: 12, 16, 3, 8, 5.

புளி வீசை ஒரு ரூபாய் ஆறணா, வேண்டியது மூன்று பலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் ஆறணா என்பது 22 அணா, அதாவது 264 தம்பிடி. வீசைக்கு 40 பலம். எனவே ஒரு பலம் 6.6 தம்பிடி, மூன்று பலம் 19.8 தம்பிடி. அதை மறுபடி அணாவாக்கினால் ஓரணா எட்டுத் தம்பிடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சின்னப் பொட்டலப் புளிக்கு, அலகை இறக்கி, வகுத்து, பெருக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

பழைய முறைக்கும் ஒரு பலம் இருந்தது. பாதி பாதியாகப் பிரிப்பதற்கு 16 தோதான எண். அரை ரூபாய் எட்டணா, கால் நாலணா, அரைக்கால் இரண்டணா, மாகாணி ஓரணா. எங்குமே மிச்சம் விழாது. கையால் பாதியாகப் பங்கிடும் சந்தைக்கு அது பொருந்தியது. எந்த விலையையும் எந்த எடையாலும் பெருக்க வேண்டிய சந்தைக்குப் பத்தே பொருத்தம். பிளாண்டர்ஸ் நாட்டுக் கணிதர் சைமன் ஸ்டெவின் 1585-இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில் தசம எண்களை எல்லோருக்கும் விளக்கினார். நாணயம், எடை, அளவை எல்லாமே பத்தின் முறைக்கு மாற வேண்டும் என்றும் அதில் வாதிட்டார்.

இந்தியாவில் 1955-இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டு, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. 1958 முதல் படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தன. 1964-இல் 'நயா' உதிர்ந்து வெறும் பைசாவானது.

அந்த மாறுதல் காலத்தில் சில்லறைக் கடைகளில் ஒரு வேடிக்கை நடந்தது. ஓரணா என்பது சரியாக 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று முழுமையாக்கினார்கள். ஓரணாச் சாமானை நான்கு தனித்தனித் தடவையாக வாங்கினால் 24 பைசா; வாங்குபவருக்கு ஒரு பைசா லாபம். மூன்றணாச் சாமானை நான்கு தடவை வாங்கினால் 76 பைசா. பன்னிரண்டணாவுக்கு உரிய 75-ஐவிட ஒன்று அதிகம். எண்களை முழுமையாக்குவது கணக்கின் கடைசியில் ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும் என்ற விதியை அந்த அட்டவணை பைசா பைசாவாகக் கற்றுக்கொடுத்தது.

2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் செல்லாதவையாயின. ஆனால் பெட்ரோல் விலை இன்றும் பைசாவில்தான் எழுதப்படுகிறது. காரணம் அதே விதிதான். லிட்டருக்கு 80 பைசாவை விட்டுவிட்டால் 35 லிட்டருக்கு 28 ரூபாய் விட்டதாகும். கையில் நாணயம் இல்லாவிட்டாலும் கணக்கில் பைசா இருக்கத்தான் வேண்டும்.

சதவீதம் என்பது ஒரு பெருக்கல்

சதவீதமும் தசம எண்தான். நூறால் பெருக்கி எழுதியிருக்கிறோம், அவ்வளவே. 15 சதவீதம் என்றால் 0.15. மனக்கணக்குக்குப் பத்து சதவீதமே நல்ல தொடக்கம்: புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும். 640 ரூபாய்ச் சேலைக்கு 15 சதவீதம் தள்ளுபடி என்றால், பத்து சதவீதம் 64, அதில் பாதி 32, இரண்டும் சேர்ந்து 96. இன்னொரு குறுக்குவழியும் உண்டு. 25 ரூபாயில் 16 சதவீதமும் 16 ரூபாயில் 25 சதவீதமும் ஒன்றே. முதலாவது தலையைச் சொறிய வைக்கும். இரண்டாவது 16-இல் கால், அதாவது 4.

இதைவிடப் பயன்படும் பழக்கம், தள்ளுபடியைக் கழித்தலாகப் பார்க்காமல் பெருக்கலாகப் பார்ப்பது. 20 சதவீதம் தள்ளுபடி என்றால் விலையில் 80 சதவீதம் கட்டுகிறோம், எனவே 0.80-ஆல் பெருக்கு. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் தரும் 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடியா, 0.70-ஆல் பெருக்கு. 18 சதவீத வரியா, 1.18-ஆல் பெருக்கு. எத்தனை தள்ளுபடி, எத்தனை வரி வந்தாலும் வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போகலாம்.

ஆடி மாதத்துத் தட்டிகளில் "50% + 20%" என்று எழுதியிருப்பதை இப்படிப் படிக்க வேண்டும். 0.50 × 0.80 = 0.40. நாம் கட்டுவது 40 சதவீதம்; உண்மைத் தள்ளுபடி 60 சதவீதம். கூட்டல் குறி போட்டிருந்தாலும் அங்கே 70 கிடைக்காது. ஏனென்றால் முதல் 50 சதவீதம் முழு விலையில். அடுத்த 20 சதவீதம் பாதியாகிவிட்ட விலையில். சதவீதம் என்ற சொல்லைக் கேட்டதும் "எதில்?" என்று கேட்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க நாம் கேட்கப்போவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்று பொருளுக்கு இரண்டின் விலை, தள்ளுபடி 33.3 சதவீதம். "20 சதவீதம் கூடுதல் இலவசம்" என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால், 120 கிராமுக்கு 100 கிராமின் விலை. 100-ஐ 120-ஆல் வகுத்தால் 0.833, உண்மைத் தள்ளுபடி 16.7 சதவீதம்தான். அச்சிட்ட 20 பொய்யில்லை. அது பழைய எடையில் 20 சதவீதம். நமக்கு வேண்டியதோ கொடுக்கும் காசில் மிச்சமாவது எவ்வளவு என்பது.

ஏறியதும் இறங்கியதும்

இதன் மறுபக்கம் பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலை நிலைத்துவிட்ட பாக்கெட்டுகளில் விலையை ஏற்றினால் வாங்குபவர் உடனே கவனிப்பார், சில்லறையும் சிக்கல். எனவே எடையைக் குறைக்கிறார்கள். ஐந்து ரூபாய் பாக்கெட் 60 கிராமிலிருந்து 50 கிராம் ஆனால், குறைந்தது 16.7 சதவீதம். விலை? முன்பு கிராமுக்கு 8.33 பைசா, இப்போது 10 பைசா. ஏறியது 20 சதவீதம். ஒரே மாற்றத்துக்கு இரண்டு சதவீதங்கள்; ஒன்று 60-ஐ அடியாகக் கொண்டது, மற்றது 50-ஐ.

பொதுவாகவே ஏறிய சதவீதமும் இறங்கிய சதவீதமும் ஈடாவதில்லை. 80 ரூபாய்ப் பொருள் 25 சதவீதம் ஏறினால் 100. மறுபடி 80-க்கு வர 20 சதவீதம் இறங்கினால் போதும். ஒரு பொருளின் விலையை 50 சதவீதம் ஏற்றி எழுதிவிட்டு 33 சதவீதம் தள்ளுபடி தருபவர் எதையும் தரவில்லை: 1.50 × 0.67 = 1.005. இன்னும் அரை சதவீதம் அவருக்குத்தான்.

பொட்டலத்தின் மேலுள்ள எடையையும் விலையையும் வைத்து இதையெல்லாம் கண்டுபிடிக்கலாம் என்றாலும், அதற்கு வகுத்தல் வேண்டும். அந்த வேலையைக் குறைக்க, பொட்டலப் பொருட்களுக்கான சட்ட அளவியல் விதிகளில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. கிராமுக்கு எவ்வளவு, மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்ற அலகு விலையையும் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது அதன் சாரம். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்; தேடிப் பாருங்கள்.

அலகு விலை சில நேரம் எதிர்பாராததைச் சொல்லும். பெரியதாக வாங்கினால் மலிவு என்று நினைக்கிறோம். ஷாம்பூவுக்கு அது பல நேரம் பொருந்துவதில்லை. இரண்டு ரூபாய் சாஷேயில் 6 மில்லி, 99 ரூபாய் பாட்டிலில் 180 மில்லி என்று வைத்துக்கொண்டால், சாஷே மில்லிக்கு 33 பைசா, பாட்டில் 55 பைசா. சாஷேயைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். நாள் கூலிக்காரரும் வாங்கும்படி விலையைச் சின்னதாக்குவது அவர் எண்ணம். அந்தச் சந்தையில் போட்டி முற்றியதால் சாஷேக்கே விலை இறங்கிக் கிடக்கிறது.

வரி எங்கே ஒளிந்திருக்கிறது

எம்ஆர்பி என்பது எல்லா வரிகளும் உட்பட்ட விலை. 118 ரூபாய் எம்ஆர்பி, 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் அதில் வரி எவ்வளவு? 118-இல் 18 சதவீதம் போட்டால் 21.24 வரும்; அது தப்பு. வரி போட்டது 100 ரூபாயின் மேல். வரி 18 ரூபாய். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க 1.18-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கி உள்ளே போனதை வகுத்துத்தான் வெளியே எடுக்க முடியும்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இந்தக் கணக்கு வீடு தேடி வந்தது. பற்பசை, ஷாம்பூ, தலைக்கு வைக்கும் எண்ணெய் முதலியவற்றுக்கு வரி 18-இலிருந்து 5 சதவீதமாயிற்று. 13 குறைந்ததால் விலையும் 13 சதவீதம் இறங்க வேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 118 ரூபாய் 105 ஆக வேண்டும். 118-இல் 13 என்பது 11 சதவீதம். 100 ரூபாய் பற்பசை 89 ரூபாய்க்கு வந்தால் முழுப் பயனும் நமக்கு வந்துவிட்டது என்று பொருள். ஏசிக்கு வரி 28-இலிருந்து 18-க்கு இறங்கியது, 1.18-ஐ 1.28-ஆல் வகுத்தால் 0.922. பத்துப் புள்ளி குறைந்தும் விலை இறங்க வேண்டியது 7.8 சதவீதம்.

தள்ளுபடிக்கு முன் வரியா, பின் வரியா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பெருக்கலில் வரிசை முக்கியமில்லை: 0.80 × 1.18-உம் 1.18 × 0.80-உம் ஒன்றே. ஆனால் வரி விகிதமே விலையைப் பொறுத்து மாறினால் கதை வேறு. தைத்த ஆடைக்கு இப்போது விற்பனை விலை 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 2,500 என்றால் கட்டுவது 2,625. விலை 2,501 ஆனால் கட்டுவது 2,951. ஒரு ரூபாய் ஏறியதற்கு 326 ரூபாய்! 2,800 ரூபாய் சுடிதாருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கிடைத்தால் விலை 2,520, வரியோடு 2,973.60. தள்ளுபடி 11 சதவீதமானால் விலை 2,492. வரி 5 சதவீதமாகச் சுருங்கி மொத்தம் 2,616.60. கூடுதலாகக் கிடைத்த ஒரு சதவீதம் 357 ரூபாயை மிச்சமாக்கிவிட்டது. இந்த இடத்தில் மட்டும் பேரம் பேசுவது அபார லாபம்.

நகைக்கடையில் நான்கு அடிகள்

"எதில்?" என்ற கேள்விக்கு மிகப் பெரிய விலை நகைக்கடையில்தான். அங்கே எடை மூன்று தசம இடம் வரை போகும்; 8.125 என்று காட்டினால் "எட்டு கிராம் நூத்து இருபத்தஞ்சு மில்லி" என்பார்கள். தங்கத்தின் தூய்மையும் தசம எண்தான். ஹால்மார்க் முத்திரையில் 22K916 என்று இருக்கும் 916, ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதைச் சொல்கிறது. 24-இல் 22 பங்கு என்பது 0.91666… என்று முடிவில்லாமல் போகும். முத்திரையில் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு சவரனில், அதாவது 8 கிராமில், சுத்தத் தங்கம் 7.328 கிராம். 18 காரட்டுக்கு 750, 14 காரட்டுக்கு 585.

இனி பில். கணக்கு சுலபமாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு சவரன் சங்கிலி, சேதாரம் 12 சதவீதம், செய்கூலி தனியாக இல்லை. சேதாரம் 0.960 கிராம், ஆக 8.960 கிராமுக்கு விலை 89,600. மொத்தத்தின் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,688. கட்டுவது 92,288. பெருக்கலாகச் சொன்னால் 1.12 × 1.03 = 1.1536. தங்கத்தின் விலைக்கு மேல் 15.36 சதவீதம், 12-உம் 3-உம் சேர்ந்த 15 இல்லை, ஏனென்றால் சேதாரத்துக்கும் வரி கட்டுகிறோம்.

வாசலில் "சேதாரத்தில் 50% தள்ளுபடி" என்று பெரிய எழுத்தில் தட்டி. எதில் 50 சதவீதம்? சேதாரத்தில். 12 சதவீதம் 6 ஆகும். புதிய பில் 80,000 × 1.06 × 1.03 = 87,344. மிச்சம் 4,944 ரூபாய், நல்ல தொகைதான். ஆனால் பில்லில் அது 5.4 சதவீதம். ஐம்பது என்ற எண்ணைப் பார்த்துக் கடைக்குள் நுழைந்தவர் ஐந்தோடு வெளியே வருகிறார்.

கல் வைத்த நகையில் அடி இன்னும் கவனிக்க வேண்டியது. மொத்த எடை 10.400 கிராம், அதில் கல் 0.400 கிராம் என்றால் தங்கம் 10 கிராம். மொத்த எடைக்கே பில் போட்டுவிட்டால், கல்லுக்குத் தங்க விலை 4,000, அதற்குச் சேதாரம், அதற்கும் வரி என்று 4,614 ரூபாய் கூடுதலாகப் போகும். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, ஒரு கடையில் சேதாரம் 12 சதவீதம், செய்கூலி இல்லை. பக்கத்துக் கடையில் சேதாரம் 7 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 450 ரூபாய். எது மலிவு? கிராம் 10,000 விற்கும் நாளில் முதல் கடையில் கிராம் 11,200; இரண்டாவதில் 10,700 + 450 = 11,150. இரண்டாவது கடைதான் மலிவு. கிராம் 8,000 விற்கும் நாளில் முதலாவது 8,960, இரண்டாவது 9,010. இப்போது முதல் கடை மலிவு. தங்கம் 9,000-ஐத் தாண்டும்போது இரண்டும் இடம் மாறுகின்றன, ஏனென்றால் 9,000-இல் 5 சதவீதம் 450. சதவீதத்தில் வாங்கும் கூலி தங்கத்தோடு சேர்ந்து ஏறும். ரூபாயில் வாங்கும் கூலி அப்படியே நிற்கும். அதே ஆசாரி, அதே டிசைன், அதே உழைப்பு. கிராம் 5,000-இலிருந்து 10,000 ஆனதும் 12 சதவீதச் சேதாரம் மட்டும் 600 ரூபாயிலிருந்து 1,200 ஆகிவிடுகிறது.

இந்தச் சிக்கலை எல்லாம் அவிழ்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். கல் விலை இருந்தால் அதைத் தனியே வைத்துவிட்டு, பில்லின் மொத்தத்தை நிகர எடையால் வகுங்கள். 92,288-ஐ 8-ஆல் வகுத்தால் 11,536. சேதாரம், செய்கூலி, வரி, தள்ளுபடி எல்லாம் இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிட்டன. எந்தக் கடையின் எந்தத் தட்டியையும் இதோடு ஒப்பிடலாம். விற்பனையாளரிடம், "தம்பி, எல்லாம் சேர்த்துக் கிராமுக்கு எவ்வளவு வருது?" என்று கேட்டாலே போதும்.

அந்த எண் இன்னொன்றையும் சொல்கிறது. பழைய நகையாகக் கொடுக்கும்போது தங்கத்துக்கு மட்டுமே விலை. கட்டிய சேதாரமும் வரியும் திரும்பி வராது. எனவே 10,000 விற்ற நாளில் வாங்கிய சங்கிலி, கிராம் விலை 11,536 ஆகும்வரை நஷ்டத்தில்தான் இருக்கும். தங்கம் 10 சதவீதம் ஏறிவிட்டது என்று செய்தி வரும் நாளில்கூட, அந்தச் சங்கிலியில் கிராமுக்கு 536 ரூபாய் இன்னும் வர வேண்டியிருக்கிறது.